தோல்ல ஒண்ணுமே இல்ல, ஆனா அரிக்குது: லிவர் அரிப்பு பத்தி ஆரம்பத்துலேருந்து

உடம்பு பூரா அரிக்குது, ஆனா பாத்தா தோல்ல ஒண்ணுமே இல்ல. தடிப்பு இல்ல, படை இல்ல, கொப்புளம் இல்ல, சொறிஞ்ச நகக்கோடு மட்டும்தான் செவசெவன்னு கெடக்கு. இப்படி ஒருத்தர் சொன்னா நம்ம வீட்டுல மொதல் கேள்வி "என்னத்த சாப்ட?" அப்புறம் சோப்பு மாறும், அப்புறம் மெடிக்கல் ஷாப்ல ஒரு அவில் மாத்திரையும் ஒரு ட்யூபும் வாங்கிட்டு வருவாங்க, அதுலயே மாசம் ஓடிரும். பெரும்பாலும் இந்த மாதிரி அரிப்பு தோல் வறட்சியா இருக்கும், இல்ல சுகர், தைராய்டு, கிட்னி, ரத்தசோகை இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும். வீட்டுல நாலு பேருக்கும் சேந்து அரிச்சு வெரல் இடுக்குலயும் அரிச்சா அது ஸ்கேபிஸ், அதாவது சிரங்கு. ஆனா சில பேருக்கு இந்த அரிப்பு கெளம்புற எடம் தோலே இல்ல, லிவர். அந்த அரிப்பு எப்படி வருது, ஏன் வழக்கமான மாத்திரைக்கு அடங்க மாட்டேங்குது, எத வெச்சு அடக்கலாம்னு ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு புரியுற மாதிரி சொல்லலாம்னுதான் இத எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல. எங்க பெரியம்மாவுக்கு பிபிசினு சொல்ற ப்ரைமரி பிலியரி கொலாஞ்சைட்டிஸ் இருக்கு, லிவருக்குள்ள இருக்குற சின்னச்சின்ன பித்தக் குழாய்கள நம்ம எதிர்ப்பு சக்தியே தாக்கி கெடுக்குற வியாதி, நடுவயசுப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வரும். அவங்க கூட ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல கேட்டது, படிச்சதுதான் இதெல்லாம். அதனால கீழ மருந்து பேரு, அளவு எல்லாம் வரும், அது டாக்டர்கிட்ட பேசுறதுக்கு உங்களுக்கு வெவரம் தெரியணும்னுதான், நீங்களே வாங்கி முழுங்குறதுக்கு இல்ல.

இந்த அரிப்போட கொணம் என்னன்னா, உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் ரொம்ப ஜாஸ்தியா இருக்கும். சாயங்காலம் ஆக ஆக ஏறும், ராத்திரி படுத்தா உச்சம். வெக்கையில கூடும், உல்லன் துணி, பாலியஸ்டர் துணி பட்டா கூடும். எல்லாத்தையும் விட முக்கியமா, சொறிஞ்சா தீராது. கொசு கடிச்ச எடத்த சொறிஞ்சா ஒரு நிமிஷமாவது சுகமா இருக்குமே, இதுல அந்த சுகம் கெடைக்கிறதில்ல. பெரியம்மா சொல்றது, "நான் மேல சொறியிறேன், அரிப்பு உள்ள இருக்குடா, எனக்கு எட்டவே மாட்டேங்குது." ரொம்ப நாளா சொறியிறவங்க நகத்தப் பாத்தா பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு இருக்கும், தேய்ஞ்சு தேய்ஞ்சு அப்படி ஆயிடும். முதுகப் பாத்தா தோள்பட்டை, இடுப்பு எல்லாம் கீறி கருத்துப் போயிருக்கும், நடு முதுகுல மட்டும் கை எட்டாத ஒரு எடம் பட்டாம்பூச்சி வடிவத்துல சுத்தமா இருக்கும். அதப் பாத்தாலே டாக்டருக்குத் தெரிஞ்சிரும், தோல்ல வந்த வியாதியா இருந்தா கை எட்டாத எடத்துலயும் இருந்திருக்கணுமே.

சரி லிவருக்கும் அரிப்புக்கும் என்ன சம்பந்தம்? லிவர் தெனமும் முக்கா லிட்டர், சில பேருக்கு ஒரு லிட்டர் கிட்ட பித்தநீர் சுரக்குது. அது சின்னச்சின்ன குழாய் வழியா வந்து, பித்தப்பையில கொஞ்சம் தங்கி, சாப்பிட்டதும் சிறுகுடலுக்குள்ள எறங்கி கொழுப்ப செரிக்க வைக்குது. வேலை முடிஞ்சதும் அதுல இருக்குற பித்த அமிலத்துல 95 சதவீதம் சிறுகுடலோட கடைசிப் பகுதியிலேருந்து திரும்ப உறிஞ்சப்பட்டு லிவருக்கே போயிரும், அதாவது சுத்திச் சுத்தி வர்ற சமாச்சாரம் அது. (இத ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி மருந்து சொல்லும்போது இதுதான் சாவி.) இந்த ஓட்டம் எங்கயாவது தடைபட்டா சமையக்கட்டு சிங்க் அடைச்சா கழுவுன தண்ணி மேல ஏறி நிக்கிற மாதிரி பித்தநீர் பின்னால தேங்கி, அதுல உள்ள சரக்கெல்லாம் ரத்தத்துல கலந்துரும். இதத்தான் டாக்டருங்க கொலஸ்டாசிஸ்னு சொல்றாங்க. ரத்தத்துல கலந்த அந்த சரக்கு தோல்ல இருக்குற மெல்லிய நரம்பு முனைகளத் தூண்டி விடுது, மூளைக்கு "அரிக்குது"னு செய்தி போகுது. தோலு பாவம், அதுக்கு ஒண்ணுமே ஆகல.

அந்த சரக்குல எது குற்றவாளிங்கறதுதான் பெரிய ரகளை. ரொம்ப காலமா பித்த அமிலம்தான்னு சொன்னாங்க, ஆனா அமில அளவு அதிகமா இருக்குறவங்க சில பேருக்கு அரிப்பே இல்ல, கம்மியா இருக்குறவங்க ராத்திரி பூரா தூங்காம கெடக்குறாங்க, கணக்கு ஒத்து வரல. 2010ல ஆம்ஸ்டர்டாம்ல ஆராய்ச்சி பண்ணவங்க, ஆட்டோடாக்சின்னு ஒரு என்சைமும் அது உண்டாக்குற லைசோஃபாஸ்பாட்டிடிக் ஆசிடும் அரிப்பு ஏற ஏற கூடவே ஏறுதுன்னு காட்டுனாங்க. 2019 வாக்குல மனுஷ நரம்புல எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்4னு ஒரு ரிசெப்டர், அதாவது சேதி வாங்குற வாசல் இருக்கு, அதப் பித்த அமிலம் நேரடியாவே தட்டி விடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இதுபோக நம்ம உடம்பே சுரக்குற ஓபியாய்டு பொருள், அதாவது மார்ஃபின் குடும்பத்துப் பொருள், அதுவும் லிவர் வியாதியில அதிகமாயிடுது. மார்ஃபினுக்கும் அரிப்புக்கும் என்னய்யானு கேக்காதீங்க, சிசேரியன் பண்ணும்போது முதுகுல போடுற ஊசியில மார்ஃபின் சேத்திருந்தா ஆபரேஷன் முடிஞ்ச பொண்ணு மூக்கையும் மொகத்தையும் சொறிஞ்சுகிட்டே இருக்கும், நர்ஸுங்களக் கேட்டா சொல்வாங்க. ஆக ஒரே ஒரு ஆள் இல்ல, கூட்டுக் களவாணிங்க. ஒரு மருந்து ஒருத்தருக்கு கேட்டு இன்னொருத்தருக்கு கேக்காமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இதுல யாரு இல்லன்னு கவனிச்சீங்களா? ஹிஸ்டமின். அலர்ஜி, பூச்சிக்கடி, காணாக்கடி இதெல்லாம் ஹிஸ்டமினால வர்ற அரிப்பு, அவில், செட்ரிசின் எல்லாம் அதத்தான் அடக்குது. லிவர் அரிப்புல ஹிஸ்டமினுக்கு பெரிய வேலையே இல்ல, அதனாலதான் எத்தன அவில் போட்டாலும் அரிப்பு அப்படியே இருக்கு. போட்டா தூக்கம் வருதேனு சொல்வாங்க, வரும், அந்த மயக்கத்துலதான் கொஞ்சம் சொறியாம இருக்காங்க, அவ்ளோதான். லிவர் சுருங்கி சிரோசிஸ் ஆனவங்களுக்கு அந்த தூக்க மாத்திரை வேலையே ஆபத்து, ஏன்னா அவங்களுக்கு மூளை மந்தமாகுற ஒரு நெலம வரலாம், மாத்திரை மயக்கமா வியாதி மயக்கமானு வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரியாமப் போயிரும். அதே மாதிரி கடையில குடுக்குற ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ரெண்டு நாளு எதமா இருக்குற மாதிரி தெரியும், மாசக்கணக்குல பூசுனா தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சு போயி லேசா சொறிஞ்சாலே ரத்தம் வரும். தோல்ல வியாதியே இல்லாதப்ப தோலுக்கு எதுக்கு ஸ்டீராய்டு.

இன்னொரு விஷயம், அரிப்போட கடுமைக்கும் லிவர் எவ்ளோ கெட்டிருக்குங்கறதுக்கும் நேரடி கணக்கு கெடையாது. மஞ்சக்காமாலை கண்ணுல தெரியுறதுக்கு மாசக்கணக்கா, ஏன் வருஷக்கணக்கா முன்னாடியே அரிப்பு வரலாம், காமாலைக்கு மஞ்சக் கலரக் குடுக்குற பிலிருபின் ரத்தத்துல நார்மலா இருக்கும்போதே வரலாம். இங்கதான் நெறைய பேர் அடி வாங்குறாங்க. ரிப்போர்ட்டப் பாத்து "பிலிருபின் அளவு 1தான் இருக்கு, ஒண்ணும் இல்லம்மா, போங்க"னு அனுப்பிருவாங்க. எல்எஃப்டினு சொல்ற லிவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல இந்த அரிப்புக்கு நீங்க பாக்க வேண்டிய வரி ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜிஜிடி ரெண்டும். பித்தக் குழாய்ல தகராறுன்னா பொதுவா அது ரெண்டும்தான் மொதல்ல ஏறும். அது ஏறியிருந்தா அடுத்து வயித்து ஸ்கேன், அதுல குழாய் வீங்கியிருக்கா கல்லு இருக்கானு பாப்பாங்க, தேவைப்பட்டா எம்ஆர்சிபினு ஒரு எம்ஆர்ஐ. பெரிய குழாய்ல ஒண்ணும் இல்லன்னா ஏஎம்ஏனு ஒரு ரத்தப் பரிசோதனை, பிபிசி இருக்குறவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல அது பாசிட்டிவா வரும்.

எந்தெந்த வியாதியில இது வரும்னா, பிபிசி சொன்னேன், குழாய் தழும்பாகி சுருங்குற பிஎஸ்சினு ஒண்ணு இருக்கு, பித்தக் குழாய்ல கல்லு, கணையத்தோட தலைப்பகுதியில கட்டி, சில மருந்துகள் (அமாக்சிசிலின் கூட க்ளாவுலனேட் சேத்து வர்ற ஆன்டிபயாடிக், ஜிம்ல போடுற அனபாலிக் ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரை), ஹெப்பட்டைட்டிஸ் பி, சி. கெட்ட தண்ணியால வர்ற ஹெப்பட்டைட்டிஸ் ஏ காமாலை கூட சில பேருக்கு இழுத்துகிட்டு போயி வாரக்கணக்குல அரிப்ப குடுக்கும். கொழந்தைங்களுக்கு பித்தக் குழாயே சரியா உருவாகாத பிலியரி அட்ரீசியா, மரபணுக் கோளாறால பித்த ஓட்டம் கெடுற அலஜீல் சிண்ட்ரோம், பிஎஃப்ஐசி இதெல்லாம். கைக்கொழந்தைக்கு அரிக்குதுன்னு சொல்லத் தெரியாது, தூங்காது, சிணுங்கிகிட்டே இருக்கும், காதையும் கன்னத்தையும் பிறாண்டி ரத்தம் வர வெச்சிரும். சாதாரண ஃபேட்டி லிவர்ல இந்த அரிப்பு அவ்ளோவா வராது, அதனால ஸ்கேன்ல கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்னு போட்டிருந்தா ஒடனே அரிப்புக்கு அதுதான் காரணம்னு முடிவு பண்ணிக்காதீங்க.

கர்ப்பத்துல வர்றத தனியா சொல்லணும், ஏன்னா இதுல தாமதிக்கக் கூடாது. ஏழாம் மாசம் தாண்டுனதுக்கு அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்குது, தோல்ல தடிப்பு எதுவும் இல்லன்னா அது கர்ப்பகால கொலஸ்டாசிஸா இருக்கலாம். நம்ம வீட்டுல "வயித்த சொறியாதடி, கோடு விழும்"னு சொல்லிட்டு தேங்காண்ணெய் தடவி விட்டுருவாங்க. வயிறு இழுபட்டு அரிக்கிறது வேற, அது எல்லாருக்கும் வர்றது. கை கால்ல ராத்திரி அரிச்சா அன்னைக்கோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்குப் போயி எல்எஃப்டியும் பித்த அமில அளவும் பாக்கணும். அந்த அளவு 100 மைக்ரோமோலுக்கு மேல போனா கொழந்தை வயித்துலயே எறந்து போற அபாயம் கூடுதுன்னு தெளிவா தெரிஞ்சிருக்கு, அதனால அளவப் பொறுத்து பிரசவத்த சில வாரம் முன்னாடியே வெப்பாங்க. பிரசவம் ஆனதும் அரிப்பு சில நாள்ல தானா போயிரும். அடுத்த கர்ப்பத்துலயும் வர வாய்ப்பு அதிகம், அப்ப மொத விசிட்லயே டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிரணும்.

இப்ப வைத்தியம். மொத கேள்வி எப்பவுமே, அடைப்ப எடுக்க முடியுமா? கல்லா இருந்தா ஈஆர்சிபி, அதாவது வாய் வழியா குழாய் விட்டு பித்தக் குழாய் வரைக்கும் போற சிகிச்சை பண்ணி எடுத்துருவாங்க, சுருக்கமா இருந்தா ஸ்டென்ட் வெப்பாங்க, மருந்தால வந்திருந்தா அந்த மருந்த நிறுத்துவாங்க. குழாய் தொறந்தா அரிப்பு மளமளன்னு எறங்கும். அடைப்பு லிவருக்கு உள்ள நுண்ணிய குழாய்கள்ல இருந்தா அப்படி எடுக்க முடியாது, அப்பதான் மருந்து வரிசை. உர்சோடியாக்சிகோலிக் ஆசிட், நம்ம ஊர்ல உடிலிவ்னு சொன்னா கடைக்காரருக்கு ஒடனே புரியும், அது பிபிசில லிவரக் காப்பாத்துற மருந்து, அரிப்புக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது. இத நெறைய பேருக்கு யாரும் சொல்றதில்ல, "மாத்திரை சாப்டுகிட்டுதானே இருக்கேன், ஏன் இன்னும் அரிக்குது"னு மருகிகிட்டு இருப்பாங்க. அரிப்புக்குனு தனியா மருந்து இருக்கு, தனியா கேக்கணும்.

அதுல வழக்கமா மொதல்ல குடுக்குறது கொலஸ்டைரமின். மாத்திரை இல்ல, பவுடர், 4 கிராம் பாக்கெட்டா வரும். இது ரத்தத்துக்குள்ள போறதே இல்ல, குடலுக்குள்ள இருந்துகிட்டு பித்த அமிலத்தப் புடிச்சு வெச்சுகிட்டு மலத்தோட வெளிய போயிரும், மேல சொன்னேனே சுத்திச் சுத்தி வர்ற ஓட்டம்னு, அத அறுக்குற வேலை. ராத்திரி பூரா பித்தப்பையில சேந்த பித்தம் காலையில டிபன் சாப்டதும் ஒரேயடியா எறங்கும், அதனால டிபனுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு குடுப்பாங்க, பத்தலன்னா ஒரு நாளைக்கு 16 கிராம் வரைக்கும் ஏத்துவாங்க. ஆனா குடிக்கிறதுதான் கொடுமை. தண்ணியில கரையவே கரையாது, டம்ளர்ல எவ்ளோ கலக்குனாலும் மணல் மாதிரி அடியில நிக்கும், பல்லுல நறநறங்கும். பெரியம்மா மொத வாய் குடிச்சிட்டு "சுண்ணாம்பக் கரைச்சு குடுத்துட்டானுங்க"ன்னு டம்ளர அப்படியே வெச்சிட்டாங்க. அப்புறம் ராத்திரியே சாத்துக்குடி ஜூஸ்ல கலந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சு காலையில ஜில்லுன்னு எடுத்தப்ப பரவாயில்லன்னாங்க, பவுடர் ஊறுனா நறநறப்பு கொறையுது. மோர்லயும் கலக்கலாம். காஞ்ச பவுடர அப்படியே வாயில போடக் கூடாது.

இதுல எல்லாரும் தவற விடுறது நேர எடவெளி. இந்தப் பவுடர் பித்த அமிலத்த மட்டும் இல்ல, கூட வர்ற மாத்திரையையும் சேத்துப் புடிச்சு வெளிய தள்ளிரும். தைராய்டு மாத்திரை, உடிலிவ், ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை எல்லாமே வீணாப் போயிரும். பவுடருக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மத்த மாத்திரைய போட்டுரணும், இல்லன்னா பவுடர் குடிச்சு நாலு மணி நேரம் கழிச்சுதான் போடணும். காலையில எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சு பவுடர், டிபன், மறுபடி பவுடர், மத்ததெல்லாம் மத்தியானம்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா கொழப்பம் இருக்காது. மலச்சிக்கல் வரும், வயிறு உப்பும், தண்ணி நெறையா குடிக்கணும். கொழுப்புல கரையுற வைட்டமின் ஏ, டி, ஈ, கே கொறையும், ஏற்கனவே பித்தம் சரியா எறங்காதவங்களுக்கு அது கம்மியாத்தான் இருக்கும், அதனால டாக்டர் தனியா வைட்டமின் குடுப்பார். வைட்டமின் கே கொறைஞ்சா சின்னக் கீறல்ல கூட ரத்தம் நிக்காது, சொறிஞ்சுகிட்டே இருக்குற ஆளுக்கு அது எவ்ளோ தொல்லைனு யோசிச்சுக்கங்க.

பவுடருக்கு அடங்கலன்னா அடுத்து ரிஃபாம்பிசின். ஆமா, டிபிக்கு குடுக்குற அதே மாத்திரைதான். 150 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 300, அதிகபட்சம் 600 வரைக்கும் போவாங்க. ஆட்டோடாக்சின் உற்பத்திய இது கொறைக்குதுன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல இந்த மாத்திரைய வாங்கப் போனா கடையில ஒரு பார்வை பாப்பாங்க, வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க அட்டையப் பாத்துட்டு "டிபியா?"னு குசுகுசுப்பாங்க, அதுக்கு மனச தயார் பண்ணிக்கங்க. ஒண்ணுக்கு, கண்ணீர், வேர்வை எல்லாம் ஆரஞ்சு கலர்ல வரும், காமாலை முத்திருச்சுன்னு பயந்துறக் கூடாது, மருந்தோட கலர் அது. நெஜமா பயப்பட வேண்டியது என்னன்னா சில பேருக்கு இந்த மாத்திரையே லிவரக் கெடுக்கும், அதனால ஆரம்பிச்ச சில வாரத்துல ஒரு எல்எஃப்டி, அப்புறமும் அப்பப்ப எடுக்கணும், காமாலை ஏற்கனவே அதிகமா இருந்தா குடுக்கவே யோசிப்பாங்க. கருத்தடை மாத்திரை உட்பட நெறைய மருந்தோட வேலைய இது கொறைச்சிரும்.

அதுக்கும் மேல நால்ட்ரெக்சோன், குடிய நிறுத்துறதுக்கு குடுக்குற மாத்திரைனு சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். உடம்புல சுரக்குற ஓபியாய்ட தடுக்குது. ரொம்பக் கம்மி அளவுல ஆரம்பிக்கணும், எடுத்தவொடனே முழு மாத்திரை போட்டா வேர்த்துக் கொட்டி வயித்த பெசைஞ்சு படபடன்னு வந்துரும். வலிக்கு ட்ரமடால் மாதிரி மாத்திரை போடுறவங்க இதத் தொடவே கூடாது. அப்புறம் செர்ட்ரலின், மனச்சோர்வுக்கு குடுக்குற மாத்திரை, 75லேருந்து 100 மில்லிகிராம் அளவுல அரிப்பக் கொறைக்குது. டாக்டர் இந்த மாத்திரைய எழுதிக் குடுத்ததும் பெரியம்மா "எனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு"ன்னு டாக்டர் ரூம்லயே கேட்டுட்டாங்க. அவரு சிரிச்சுகிட்டே "அம்மா, அரிப்பு செய்தி போற நரம்புலயும் இதே ரசாயனம்தான், அதுக்குத்தான் குடுக்குறேன்"னு சொன்னாரு. சமீபத்துல பெசாஃபிப்ரேட்னு கொழுப்புக்கு குடுக்குற ஒரு மாத்திரையும் உள்ள வந்திருக்கு. நெதர்லாந்துலயும் ஸ்பெயின்லயும் பண்ணி 2021ல வெளியான ஒரு ஆய்வுல தெனம் 400 மில்லிகிராம் வீதம் மூணு வாரம் குடுத்துப் பாத்தாங்க, அதுல 45 சதவீதம் பேருக்கு அரிப்பு பாதியோ அதுக்கு மேலயோ கொறைஞ்சுது, வெத்து மாத்திரை சாப்டவங்கள்ல 11 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. கிட்னி, தசைவலி ரெண்டையும் கவனிக்கணும் இதுல. கொழந்தைங்களுக்குனு ஓடெவிக்சிபாட், மாரலிக்சிபாட்னு ரெண்டு மருந்துக்கு 2021ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, பித்த அமிலம் குடல்லேருந்து திரும்ப உறிஞ்சப்படுற வாசலையே இது அடைக்குது, வெலதான் சாதாரண குடும்பம் நெனச்சுப் பாக்க முடியாத வெல.

இதெல்லாம் பண்ணியும் அடங்காதவங்களுக்கு புற ஊதா ஒளி சிகிச்சை, மூக்கு வழியா குழாய் விட்டு பித்தத்த வெளிய எடுக்குறது, கடைசியா லிவர் மாற்று ஆபரேஷன். லிவர் ஓரளவுக்கு வேலை செஞ்சுகிட்டு இருந்தாலும் அரிப்பு மட்டுமே தாங்க முடியாம இருந்தா அதுக்காகவே மாற்று சிகிச்சை பரிசீலிக்கலாம்னு மருத்துவ வழிகாட்டுதல்லயே இருக்கு. இத ஏன் சொல்றேன்னா, "அரிப்புதானே"னு அலட்சியமா பேசுறவங்க காதுல விழணும். நம்ம நாட்டுல கொழந்தைக்கு பண்ணி மொதல்ல வெற்றியான லிவர் மாற்று 1998ல டெல்லில நடந்துச்சு, அந்தக் கொழந்தை காஞ்சிபுரத்துப் பையன், பிலியரி அட்ரீசியா, அப்பாதான் லிவர்ல ஒரு பகுதிய குடுத்தாரு, அந்தப் பையன் வளந்து டாக்டராவே ஆயிட்டாரு. தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் லிவர் மாற்று இருக்கு, அது தேவைப்படுறவங்க ஆஸ்பத்திரியில இருக்குற காப்பீட்டு கவுண்ட்டர்ல கேளுங்க.

மருந்து வேலை செய்ய நாளாகும், அதுவரைக்கும் ராத்திரியத் தள்ளணுமே. வீட்டுல பண்றதுல எனக்குத் தெரிஞ்சு பெரிய பலன் குடுக்குறது குளுமைதான். வெந்நீர்ல குளிச்சா அந்த நேரம் சொகமா இருக்கும், வெளிய வந்ததும் ரெண்டு மடங்கா அரிக்கும். நம்ம ஊர்ல மே மாசம் வெந்நீர் போட வேண்டியதே இல்ல, மாடி டேங்க்லேருந்து பைப்புல வர்றதே கொதிக்கும், அதனால காலையிலயே ரெண்டு பக்கெட் புடிச்சு பாத்ரூம்ல நெழல்ல வெச்சிட்டா சாயங்காலம் அரிப்பு ஏறுற நேரத்துக்கு ஒரு குளியலுக்கு ஆகும். பீர்க்கங்காய் நார், கல்லு, கடலமாவு, நலங்கு மாவு போட்டு தேய்க்கிறதெல்லாம் விட்டுருங்க, சோப்பும் கமகமன்னு இல்லாத சாதா சோப்பா கொஞ்சமா போதும். துண்டால ஒத்தி எடுத்து தோல் ஈரமா இருக்கும்போதே தேங்காண்ணெயோ வாசன இல்லாத மாய்ஸ்சரைசரோ தடவணும், காஞ்சப்புறம் தடவுனா பாதிப் பலன்தான். மாய்ஸ்சரைசர் டப்பாவ ஃப்ரிட்ஜ்ல வெச்சு தடவிப் பாருங்க. ஒரு சதவீதம் மென்தால் கலந்த க்ரீம் கெடைக்கும், ஜில்லுன்னு ஒரு உணர்வக் குடுத்து அரிப்ப கொஞ்ச நேரம் மறைக்கும், ஆனா அதுக்குப் பதிலா தலைவலி தைலத்த தடவிறாதீங்க, கீறுன தோல்ல பட்டா துடிச்சுப் போயிருவீங்க.

உள்ளங்கால் அரிச்சா ஒரு டப்புல பச்சத்தண்ணி ஊத்தி கால வெச்சுகிட்டு உக்காரலாம், டிவி பாக்கும்போதே பண்ணலாம். பெரியம்மா ஆரம்பத்துல வாசல்ல போட்டிருந்த தேங்கா நார் மிதியடியில போயி போயி கால தேய்ச்சுகிட்டு நிப்பாங்க, பாதம் வெடிச்சு ரத்தம் வந்துருச்சு, அந்த மிதியடிய எடுத்துட்டு துணி மிதியடி போட்டோம். சீப்பு, முதுகு சொறியிற குச்சி எல்லாத்தையும் கைக்கு எட்டாத எடத்துல வெச்சிரணும். சொறியாதன்னு சொல்றது சும்மா, யாராலயும் முடியாது. அதுக்குப் பதிலா உள்ளங்கையால அழுத்திப் புடிக்கலாம், தட்டலாம், ஈரத்துணிய போத்தலாம், ஐஸ துண்டுல சுத்தி ஒத்தலாம். நகத்த ஒட்ட வெட்டி ஓரத்த வழுவழுன்னு ராவி விடணும், தூக்கத்துல சொறியிறவங்க பருத்தி கையுற போட்டுக்கலாம். பழைய காட்டன் பொடவ, வெளுத்துப் போன வேட்டி இருக்கே, அதவிட நல்ல போர்வை கெடையாது. பாலியஸ்டர் நைட்டி வேண்டவே வேண்டாம். ஏசி இருந்தா இந்த ஒரு ஆளுக்காக கரண்ட் பில்லப் பாக்காதீங்க, இல்லன்னா ஃபேனுக்கு கீழ மொசைக் தரையில ஒரு பொடவைய விரிச்சு படுத்தா மெத்தைய விட எவ்வளவோ மேல்.

சாப்பாட்டுல கத்திரிக்கா, கருவாடு, முட்ட, மீன் எல்லாத்தையும் நிறுத்திருவாங்க, அரிப்பு சாமானாம். இந்த அரிப்புக்கும் கத்திரிக்காய்க்கும் சம்பந்தமே இல்ல. லிவர் வியாதிக்காரங்களுக்கு புரதம் கொறைஞ்சா சதை வத்திப் போயிரும், ஏற்கனவே பசி எடுக்காத ஆளுகிட்டேருந்து முட்டையையும் மீனையும் புடுங்குறது நல்லதில்ல. அடுத்து கீழாநெல்லி. காமாலைன்னாலே நமக்கு கை அதுக்குத்தான் போகும். தொத்துக் காமாலை பாதிப் பேருக்கு மேல தானாவே போறது, அந்தப் பேரு கீழாநெல்லிக்குப் போயிருது, அத விடுங்க. ஆனா குழாய்ல கல்லோ கட்டியோ இருக்கும்போது மூலிக குடிச்சுகிட்டு ஒரு மாசம் காத்திருந்தா அந்த ஒரு மாசம் திரும்பி வராது. சீந்தில் கொடி, அதான் கிலோய்னு கொரோனா நேரத்துல எல்லாரும் குடிச்சாங்களே, அதனால லிவர் பாதிச்சு மும்பை டாக்டருங்க கேஸ் கேஸா எழுதியிருக்காங்க. மஞ்சள கொழம்புல போடுங்க, கேப்சூலா வாங்கி முழுங்காதீங்க, அதுலயும் லிவர் கெட்டவங்க இருக்காங்க. வேப்பிலையால லேசா தடவி விட்டா எதமா இருக்குன்னா தடவிக்கங்க, புண்ணு இல்லாத தோல்ல. வேப்பிலச் சாற குடிக்க வேண்டாம். டாக்டர்கிட்ட போகும்போது லேகியம், சூரணம், கஷாயம் உட்பட சாப்டுற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போயிருங்க, "அது மருந்து இல்லயே"னு வீட்டுல வெச்சிட்டுப் போறதுதான் வழக்கம்.

டாக்டர் முன்னாடி உக்காந்ததும் நம்ம ஆளுங்க "கொஞ்சம் அரிக்குது டாக்டர்"னு சொல்லிட்டு வந்துருவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து அழுத கதைய விட்டுருவாங்க. அங்க பேச்சு முக்கியம். பூஜ்யம்னா அரிப்பே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாதுன்னு வெச்சுகிட்டு தெனமும் ராத்திரி ஒரு நம்பர காலண்டர்ல எழுதுங்க, எத்தன தடவ எந்திரிச்சாங்கன்னும் எழுதுங்க. மருந்து மாத்துன தேதியையும் அதுலயே குறிச்சா எது கேட்டுச்சு எது கேக்கலன்னு தெளிவாத் தெரியும், டாக்டருக்கும் அடுத்த படிக்கு ஏத்துறதா வேணாமான்னு முடிவெடுக்க வசதி. தோல் டாக்டர்கிட்டயே சுத்திகிட்டு இருக்காம மெடிக்கல் கேஸ்ட்ரோவோ (வயிறு, குடல் டாக்டர்) ஹெபடாலஜியோ (லிவர் டாக்டர்) பாருங்க. "இதோட வாழப் பழகிக்கங்க"னு யாராவது சொன்னா இன்னொருத்தர்கிட்ட போங்க, மேல சொன்ன மருந்துல எத்தனைய குடுத்துப் பாத்துட்டு அப்படிச் சொல்றாங்கன்னு கேளுங்க.

தூக்கமில்லாம மாசக்கணக்குல அரிச்சா மனசு ஒடைஞ்சு போகும். எரிச்சல், அழுகை, யாரையும் பாக்கப் பிடிக்காது, சில பேருக்கு செத்துட்டா தேவலன்னு கூட தோணும், இந்த அரிப்புல அப்படித் தோணுறது ஒண்ணும் அதிசயம் இல்ல. அத மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லணும், 14416ங்கிற டெலிமானஸ் நம்பருக்கு எந்நேரமும் கூப்பிட்டுப் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. கூட இருக்குறவங்க "சொறியாத, சொறியாத"னு கத்தாம அந்த நேரத்துல ஒரு ஈரத்துண்ட நனைச்சு குடுத்தா போதும்.

சில அறிகுறிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அரிப்போட காமாலையும் சேந்து குளிர் சுரமும் வலது பக்க மேல் வயித்துல வலியும் வந்தா பித்தக் குழாய்ல சீழ் புடிச்சிருக்கலாம், அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போகணும். பேச்சு கொழறுது, பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சுகிட்டு இருக்காங்க, ஆளு ஒரு மாதிரி மந்தமா இருக்காங்கன்னாலும் அப்படித்தான். மலம் வெள்ளையா களிமண் நெறத்துல போச்சுன்னா பித்தம் குடலுக்கு எறங்கலன்னு அர்த்தம்.

அப்புறம் ஒண்ணு, எல்லாரும் தலைகீழா புரிஞ்சுக்குறது. அரிப்பு கொறைஞ்சா லிவர் சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு செக்கப்ப நிறுத்திருவாங்க. மருந்து கேட்டதால கொறையலாம், அது நல்லது. ஆனா பிபிசி மாதிரி வியாதியில லிவர் ரொம்ப முத்திப் போனா அரிப்பு தானாவே கொறையுறதும் உண்டு. ரெண்டுல எதுன்னு தோலப் பாத்து சொல்ல முடியாது, எல்எஃப்டியும் ஸ்கேனும்தான் சொல்லும். அதனால பெரியம்மாவுக்கு இப்ப காலண்டர்ல நம்பர் ரெண்டு, மூணுன்னு எறங்கியிருந்தாலும் டாக்டர் குறிச்சுக் குடுத்த தேதிக்கு ரத்தம் குடுக்க கூட்டிட்டுப் போயிகிட்டுதான் இருக்கோம்.